பொத்தான் இருந்த இடம்

அந்த அழைப்பு வந்தபோது ஹாஜரா செட்டியார்பட்டி ஜவுளிக்கடை ஒன்றின் இணையப் பக்கத்தில் சேலைப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். தெரியாத எண். கடன் அட்டை வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று முதல் தடவை விட்டுவிட்டாள். உடனே மறுபடியும் அடித்தது. எடுத்தால் பேச்சே இல்லை. பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே கடந்துபோகும் சத்தமும், ஓடிவந்து நின்றவர்களுக்கு வருவதுபோன்ற மூச்சிரைப்பும் மட்டும் கேட்டன.

“அக்கா, அரண் ஆப்புல உதவின்னு போட்டு இந்த நம்பர்தான் இருக்கு. நீங்கதானாக்கா அது?”

“ஆமா. நீங்க யாரு?”

“மில்லு ஹாஸ்டல் பிள்ளக்கா. மகாலட்சுமி. லீவு நாள்ல ஆஃப் பண்றதுக்கு ஒரு பட்டன் இருக்கும்லா, அதக் காணல. நானும் எல்லா இடத்துலயும் அமுக்கிப் பாத்துட்டேன். எங்கக்கா இருக்கு அது?”

ஹாஜராவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அந்தச் செயலியை எழுதியவளுக்குத் தெரியாதா? முகப்பிலேயே, பச்சை நிறத்தில், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் விரல் படுகிற இடத்தில் வைத்திருந்தாள். கணினியிலேயே அந்தச் செயலியை இறக்கித் திறந்து பார்த்தாள். பச்சைப் பொத்தான் இருந்த இடத்தில் மில் முதலாளியின் படமும், கீழே ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் பெருமை’ என்ற வரியும் இருந்தன.

“இப்ப நீ எங்கம்மா இருக்க?”

“சீவில்லிபுத்தூருக்கு முன்னாடி, மடவார் வளாகத்துல எறங்கிட்டேன். கோயில் வாசல்ல நிக்கேன். வார்டன் ஃபோன் பண்ணிட்டாவ, ஊருக்குப் போறேன்னுட்டு அங்க என்ன சோலின்னு. எங்க அண்ணனுக்கும் மெசேஜ் போயிருச்சு. அண்ணன் வருதான்க்கா. அங்கயே இரு, நவுராதன்னு சொல்லிட்டான்.”

பிறகு அந்தப் பெண் திக்கித் திக்கிச் சொன்னதிலிருந்து விஷயம் இதுதான் என்று ஹாஜரா புரிந்துகொண்டாள். மில்லில் சூப்பர்வைசர் ஒருவன். பஞ்சு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியில் அவன் அவளிடம் பேசிய பேச்சை அவள் கைபேசியில் பதிந்துவைத்திருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஸ்ரீஜா என்று ஒரு வக்கீல் அம்மா இருக்கிறார். இன்றைக்கு மதியம் இன்னொரு வழக்கு முடிந்ததும் வாக்குமூலம் எழுதிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இதற்கு முன்னால் இதேபோலப் புறப்பட்ட ஒரு பெண்ணை, வழியிலேயே அவள் அப்பாவை வரவழைத்துக் கையோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மகள் கண்டவனோடு சுற்றுகிறாள் என்று அந்த மனிதரிடம் சொன்னார்களாம். அடுத்த மாதமே அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று.

“ஃபோன ஆஃப் பண்ணினா?” என்று கேட்டுவிட்டு ஹாஜரா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஆஃப் பண்ணா ‘கைபேசி அணைக்கப்பட்டுள்ளது’ன்னு உடனே எல்லாருக்கும் போகுமாம்லாக்கா. போன மாசம் ஒரு பிள்ளைக்கு அப்படித்தான் ஆச்சு. நீங்க ஏதாச்சும் பண்ணி அத நிறுத்த முடியுமாக்கா? செத்த நேரம் நின்னா போதும்.”

“பாக்கறேன். நான் சொல்லுத வரைக்கும் கோர்ட்டுப் பக்கம் போகாத” என்று சொல்லிவிட்டு ஹாஜரா வைத்தாள்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், பெற்ற அத்தா அய்யூபுக்கு ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டதும் ராஜபாளையத்துக்குத் திரும்பிவந்துவிட்டாள். கீழே அத்தாவின் பாத்திரக்கடை. மேலே தகரம் போட்ட அறையில் அவளுடைய கணினி. வேலை பெரும்பாலும் பார்த்தா மூலமாகத்தான் வரும். பார்த்தா கல்லூரியில் கூடப் படித்தவன், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். தேரடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்திருக்கிறான். அவன் பேசிப் பிடித்துக்கொண்டு வருவான், இவள் எழுதித் தருவாள். அத்தாவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு ஓடிய நாட்களில் வண்டியை அவன்தான் ஓட்டினான். அதை அவள் மறக்கவில்லை.

அரண் வெறும் வருகைப்பதிவாகத்தான் ஆரம்பித்தது. விடுதிப் பெண்கள் எப்போது வேலைக்குப் போனார்கள், எப்போது திரும்பினார்கள், அவ்வளவுதான். பாதி எழுதியபிறகு பார்த்தா வந்து, பெண் எங்கே இருக்கிறாள் என்பது வார்டனுக்கும் வீட்டில் ஒருவருக்கும் தெரிய வேண்டும் என்றான். பொம்பளைப் பிள்ளைகள் பாதுகாப்பு என்றான். அந்தப் பெண்களுக்கு இது சம்மதமா என்று ஹாஜரா கேட்டாள். சம்மதம் என்று அமுக்கினால்தான் செயலியே திறக்கும், பிறகென்ன என்றான். அவளுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல், விடுப்பு நாளில் அந்தப் பெண்ணே இருப்பிடம் காட்டுவதை நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தான் வேண்டும், தன்னுடைய சம்மதம் இல்லாமல் அதை எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னாள். பார்த்தா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். அந்த ஒரு வரியை வைத்துத்தான் அவள் பிறகு தூங்கினாள். எல்லைக்கு வெளியே போனால் வீட்டுக்குப் போகும் செய்தியைக்கூட அவள்தான் எழுதினாள். ‘தங்கள் பொறுப்பில் உள்ள பெண் அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே இருக்கிறார்.’ தமிழ் நன்றாக இருக்கிறது என்று பார்த்தா பாராட்டினான்.

அவனை அழைத்தாள். உண்மையைச் சொன்னால் மறுநிமிடம் அது மில்லுக்குப் போய்விடும் என்று தெரியும். அதனால் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

“பார்த்தா, அரண்ல அந்த லீவு பட்டன எடுத்திருக்கீங்க. ஏன்?”

“அட, அதுவா. மில்லுக்காரங்க கேட்டாங்க. நம்ம பையன் ஒருத்தன வெச்சு எடுத்துட்டேன். சின்ன வேலை, உன்னத் தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான்.”

“என்னக் கேக்காம எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. நீ கையெழுத்துப் போட்டிருக்க.”

“அதே பேப்பர்ல மேல பாரு, எழுதிக் கொடுத்த எல்லாம் வாங்கினவங்களுக்கே சொந்தம்னும் இருக்கு. நீயும் கையெழுத்துப் போட்டிருக்க. சொந்தக்காரன் அவன் வீட்டுச் சன்னல எடுத்துட்டுச் சுவர் வெக்கிறான். கொத்தனார்கிட்ட கேட்டுட்டா வெப்பான்?”

“விளையாடாத பார்த்தா. இன்னைக்கு ஒரு நாள் திருப்பி வையி. நாளைக்கு உக்காந்து பேசுவோம்.”

“இன்னைக்கு என்ன விசேஷம்?” அவன் குரல் மாறியது. “ஹாஜரா, யாராச்சும் உனக்கு ஃபோன் பண்ணாங்களா?”

“இல்லையே.”

“பண்ணினா என்கிட்ட சொல்லிரு. அங்க பிள்ளைங்க சில பேர் பிரச்சினை பண்றாங்கன்னு கேள்வி. நீ நடுவுல மாட்டாத. உனக்கு நியாயம் வேணும்னா கோர்ட்டு இங்கதான இருக்கு, கேஸ் போடு, நானே வந்து காப்பி வாங்கித் தாரேன்” என்று சிரித்தான். நண்பர்கள் சிரிக்கிற சிரிப்புத்தான் அது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வைத்ததும் கணினியில் உட்கார்ந்தாள். மில்லின் சர்வருக்குள் நுழையப் பழைய கடவுச்சொல்லைப் போட்டாள். மறுத்தது. சோதனைக்கென்று வைத்திருந்த கணக்கும் இல்லை. ஒப்படைத்த அன்றைக்கு அதை நீக்கியவளே அவள்தான். கூட வேலை பார்த்த சில பேர், வாங்குகிறவன் ஏமாற்றினால் பிறகு உதவும் என்று ஏதாவது ஒரு கொல்லைவாசலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் ஒப்படைப்பார்கள். அது திருட்டு என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள். எல்லாச் சாவியையும் எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள். இப்போது வெளியே நிற்கிறாள். உள்ளே ஒரு பெண்ணின் பெயர் சிவப்புப் புள்ளியாக எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சிவப்பையும் அவள்தான் தேர்ந்தெடுத்தாள். மின்விசிறி தலைக்குமேலே சுற்றிக்கொண்டிருந்தும் கழுத்தெல்லாம் வேர்த்தது. யாரிடம் சொல்வது? போலீசுக்குச் சொன்னால் அவர்கள் முதலில் மில்லைக் கேட்பார்கள். வக்கீல் அம்மா வழக்கில் நிற்கிறார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த வித்தையில் மிச்சம் ஒன்றும் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கியபோது அத்தா ஒற்றைக் கையால் எவர்சில்வர் குடம் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, சோறு திங்கிற நேரத்துல எங்க?”

“சீவில்லிபுத்தூர் வரைக்கும் அத்தா. வந்துருதேன்.”

“பார்த்தா தம்பியப் பாக்கவா? நான் கேட்டேன்னு சொல்லு.”

அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். ஒவ்வொரு பைக் முந்திப்போகும்போதும் அது அந்த அண்ணனாக இருக்குமோ என்று குனிந்து பார்த்தாள். சங்கரன்கோவில் பக்கத்து ஊரிலிருந்து வருகிறவன் இதே சாலையில்தான் வர வேண்டும். மடவார் வளாகத்தில் இறங்கியபோது கோயில் நடை சாத்தியிருந்தது. வாசலில் பூக்கட்டுகிற அம்மாள் மட்டும் ஈரத்துணியைக் கூடைமேல் போட்டுவிட்டுச் சாய்ந்திருந்தாள். மதிலோரத்து நிழலில் ஒரு பெண் கைபேசியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி குத்தவைத்திருந்தாள். இவ்வளவு சின்னப் பெண்ணாக இருப்பாள் என்று ஹாஜரா நினைக்கவில்லை. முடியில் பஞ்சுத் துணுக்கு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“மகாலட்சுமியா?”

அந்தப் பெண் எழுந்து நின்று, முக்காட்டோடு நின்ற ஹாஜராவை மேலும் கீழும் பார்த்தாள். “நீங்களாக்கா அத எழுதுனது?”

“ஆமா” என்றாள். “அண்ணன் எங்க வருதாரு?”

“ராஜபாளையம் தாண்டிட்டானாம். அவன் நல்லவந்தான்க்கா. மாரிசாமின்னு பேரு. எங்கப்பா செத்த பொறவு அவந்தான் எங்கள வளத்தான். ஆனா அவன்ட்ட மில்லுல என்ன சொல்லுதாவளோ அதத்தான் நம்புவான். படிச்சவுக சொன்னா அவன் எதுத்துப் பேச மாட்டான்.”

“அவர்ட்ட நீ நடந்தத சொல்லலாமேம்மா.”

“எப்படிக்கா சொல்ல? அந்தாளு பேசுனத எங்க அண்ணன் காதால கேட்டா ஒண்ணு அவனக் கொல்லுவான், இல்ல தன்ன முடிச்சுக்கிடுவான். பேப்பர்ல எழுதிக் குடுத்த பொறவு சொல்லிக்கிடுதேன்.”

ஹாஜரா கையை நீட்டினாள். “அந்த ஃபோன என்கிட்ட தா. நான் எடுத்துட்டுப் போறேன். நான் போற எடத்துலதான் நீ இருக்கறதா காட்டும். நீ ஆட்டோவப் பிடிச்சுக் கோர்ட்டுக்குப் போ.”

மகாலட்சுமி கொடுக்கவில்லை. இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள். “அந்த சூப்பர்வைசர் பேசுனது இதுக்குள்ளதான்க்கா இருக்கு. இதத் தந்துட்டு நான் போயி என்னத்தச் சொல்ல? யாரு நம்புவா?”

அவள் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. மில்லுக்காக எழுதியவள், மில்லுக்காகவே வந்து பிடுங்கிக்கொண்டு போகிறாளோ என்னவோ. ஹாஜரா கைபேசியின் ஓரத்தைப் பார்த்தாள். “பேசுனது மெமரி கார்டுலயா இருக்கு?” என்று கேட்டாள். அந்தப் பெண் தலையாட்டினாள். கார்டும் சிம்மும் ஒரே தட்டில் இருக்கிற கைபேசி. தட்டை வெளியே இழுத்தால் சிக்னல் அறுந்துபோகும். ஆனால் மலையடிவாரத்தில் சிக்னல் போய்ப்போய் வரும் என்பதால், செயலி கொஞ்ச நேரம் பொறுத்திருந்து பார்த்துத்தான் எச்சரிக்கை அனுப்பும். அந்தப் பொறுமையை அதற்குள் வைத்தவள் ஹாஜராதான். அதையாவது அவர்கள் எடுக்காமல் விட்டிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள்.

முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கினாள். கைபேசியின் ஓரத்தில் இருந்த சின்ன ஓட்டையில் அதைச் சொருகினாள். ஊசி வழுக்கியது. பூக்கார அம்மாள் எழுந்து வந்து என்ன ஏது என்று எட்டிப்பார்த்தாள். மூன்றாவது தடவை தட்டு வெளியே துள்ளியது. நகத்தளவு கறுப்புக் கார்டை எடுத்து மகாலட்சுமியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, சிம்மோடு தட்டை உள்ளே தள்ளினாள். சிக்னல் கோடுகள் எழும்புகின்றனவா என்று இருவரும் குனிந்து பார்த்தார்கள். கோடுகள் எழுந்தன. உடனே கைபேசி அதிர்ந்தது. ‘அண்ணன்.’

“எடுக்காதீங்கக்கா” என்றாள் மகாலட்சுமி. பிறகு, அது அடித்து ஓயும்வரை அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டோவில் ஏறும்போது அவள் கார்டைத் தாவணி முனையில் முடிந்துகொண்டாள். “உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்லாக்கா?” என்று கேட்டாள். ஹாஜரா ஆகாது என்றாள். ஆட்டோ திரும்பி மறைந்ததும், எந்த ஊர்ப் பஸ் என்றுகூடப் பார்க்காமல் வந்து நின்ற முதல் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டரிடம் கேட்டுத்தான் அது வத்திராயிருப்புப் போகிறது என்று தெரிந்தது. கடைசி வரைக்கும் டிக்கெட் எடுத்தாள். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. ஊசி எங்கேயோ விழுந்துவிட்டது. காற்று முக்காட்டைப் பிடுங்க, ஒரு கையால் அதைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டாள். மறுகை மடியில் இருந்த கைபேசியின் மேல்.

பஸ் ஊருக்குள் நுழைந்து, நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு வெளியே வந்து கிருஷ்ணன்கோவில் சாலையைப் பிடித்தது. மடியில் இருந்த கைபேசியில் செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. பூட்டியிருந்த திரையிலேயே அவற்றைப் படிக்க முடிந்தது. படிக்கக் கூடாது என்று நினைத்தாள். ஆனாலும் கண் போயிற்று. ‘லச்சுமி எங்க போற.’ ‘அங்கயே இருன்னு சொன்னேன்லா.’ ‘யாரு கூட இருக்க.’ கொஞ்சம் இடைவெளி விட்டு, ‘நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்.’ ‘அம்மா அழுவுது.’

அவளுடைய சொந்தக் கைபேசியும் அடித்தது. பார்த்தா.

“ஹாஜரா, அந்தப் பிள்ள ஃபோன் உன்கிட்டயா இருக்கு?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“முன்னாடி நீ கேட்டப்பவே எனக்கு உறுத்துச்சு. ஆப்ல உதவிக்கு உன் நம்பர் இருக்கறத இப்பத்தான் பாத்தேன். புள்ளி பஸ் ரோட்டுல போகுது, உன் ஃபோன்லயும் பஸ் சத்தம். இங்க பாரு. வார்டன் போலீசுக்குப் போறேங்குறா. ஃபோன் திருட்டுன்னு எழுதிக் கொடுத்தா அம்புட்டுத்தான். உங்க அத்தாவ யோசி. அடுத்த ஸ்டாப்புல இறங்கி, அத ஒரு கடையில கொடுத்துட்டுக் கிடந்துச்சுன்னு சொல்லிரு. நான் தெரியாத மாதிரி இருந்துக்கறேன். நமக்குள்ள இருக்கட்டும்.”

அவன் உண்மையாகவே பயந்திருந்தான். அவளுக்காகவும்தான் பயந்திருந்தான் என்பது குரலில் தெரிந்தது.

“பார்த்தா, அந்தப் பட்டனத் திருப்பி வையி.”

“நீ என்ன பேசுற? அது எவ்வளவு தூரம் போயிருச்சு இப்ப…”

“எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அதத் திருப்பி வையி.”

அவன் வைத்துவிட்டான். இனிமேல் அவனிடமிருந்து வேலை வராது. போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்தால் அத்தா அந்த ஒற்றைக் கையை ஊன்றி எழுந்து நின்று என்ன கேட்பார்? இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் பட்டது. அந்தப் பெண் இந்நேரம் வக்கீல் முன்னால் உட்கார்ந்திருப்பாளா, இல்லை வராந்தாவில் காத்துக்கொண்டு நிற்பாளா என்று அறிந்துகொள்ள வழியே இல்லை. கேட்க வேண்டிய கைபேசி இவள் மடியில்தான் கிடக்கிறது. பஸ் கிருஷ்ணன்கோவிலில் திரும்பி மலையைப் பார்த்து ஓடத் தொடங்கியது. இருபுறமும் தென்னந்தோப்புகள்.

பின்னாலிருந்து பைக் ஒன்றின் ஹாரன் விடாமல் கேட்டது. டிரைவர் ஒதுங்கி வழிவிட்டார். பைக் முந்திப்போகவில்லை, பஸ்ஸோடு ஒட்டிக்கொண்டே வந்தது. ஹாஜரா எட்டிப்பார்த்தாள். வெறுந்தலையோடு ஒருவன், அவள் வயதுகூட இருக்காது. கட்டடச் சாரத்திலிருந்து இறங்கிய கையோடு கிளம்பியிருக்க வேண்டும். முழங்கை வரைக்கும் சிமெண்டு காய்ந்து வெடித்திருந்தது. ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் கைபேசியைக் காதோடு அழுத்தியிருந்தான். கடைசி ஜன்னலிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

“லச்சுமி! ஏ லச்சுமி!”

மடியில் கைபேசி அதிர ஆரம்பித்தது. அவள் உள்ளங்கையால் அதை அமுக்கினாள். அமுக்க அமுக்கத் தொடையெலும்பு வரைக்கும் அந்த அதிர்வு இறங்கியது. பக்கத்தில் வாழைப்பூக்களைச் சாக்கில் கட்டிவைத்திருந்த பெண், “ஒங்க ஃபோனுதான் அடிக்குது போல, எடுத்துப் பேசுங்க” என்றாள்.

பைக் அவளுடைய ஜன்னலுக்கு வந்தது. அவன் முகத்தில் கோபம் இருக்கும் என்று அவள் இந்த வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். புழுதி படிந்த கன்னத்தில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் கையை விட்டுவிட்டவன் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தாள். முக்காடு கையிலிருந்து நழுவிக் காற்றில் அவன் பக்கமாகப் படபடத்தது.

அவன் கண்ணை எடுத்துக்கொண்டு அடுத்த ஜன்னலுக்குப் போனான்.